தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஜீனோம் வேலைக்கு: கணினி உயிரியலாளர் ஆக முழுமையான வழிகாட்டி

தருமபுரியில் பஸ் ஏறி வடக்கே போனால் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், தக்காளி லோடு ஏற்றுகிறவர்கள் என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சாலை மனப்பாடம். அதே சாலையில் பொம்மசந்திராவில், நோயாளிகளின் டிஎன்ஏவைப் படித்து ரிப்போர்ட் தரும் மெட்ஜீனோம் நிறுவனம் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது உயிரியல் டேட்டாவைக் கணினியால் ஆராயும் துறையைச் சொல்லித்தரும் ஐபேப் என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. நான் பிளஸ் டூ முடித்தபோது இது எனக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை.

இப்போது ஊருக்குப் போனால் இரண்டு வகைப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். "அண்ணா, நான் பயாலஜி. எனக்கு கோடிங் வருமா?" என்பது ஒன்று. "நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். பயாலஜியைப் பத்தாவதோடு விட்டுட்டேன், பரவாயில்லையா?" என்பது இன்னொன்று. இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்ன வேலை இது

ஓர் உயிரின் முழு டிஎன்ஏ தொகுப்புக்குப் பெயர் ஜீனோம். மனித ஜீனோமில் சுமார் 310 கோடி எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வரும். புரதத்துக்குக் குறிப்பு எழுதியிருக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. மொத்த நீளத்தில் அவற்றின் பங்கு 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் டிஎன்ஏவை எடுத்துப் பொது மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டால், 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபாடு தெரியும். அதில் பெரும்பாலானவற்றால் ஒரு கெடுதலும் இல்லை.

ஆனால் 11-ஆம் குரோமோசோமில் ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரு குறிப்பிட்ட ஏ எழுத்து டி ஆக மாறினால் கதை வேறு. புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்காரும். அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் அரிவாள் செல் நோய். இருப்பது 40 லட்சம் மாற்றங்கள், குற்றவாளி ஒன்று. அதைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலையின் ஒரு பகுதி.

மெஷின் லேர்னிங், அதாவது பழைய டேட்டாவைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொண்டு கணிக்கும் முறை, இங்கே பல இடங்களில் நுழைகிறது. அப்படிக் கற்ற நிரலைத்தான் மாடல் என்கிறோம். கூகுளின் டீப்வேரியன்ட், டிஎன்ஏ துண்டுகளை அடுக்கி ஒரு படம்போல ஆக்கிக்கொண்டு, இந்த இடத்தில் இருப்பது உண்மையான மாற்றமா, எந்திரத்தின் பிழையா என்று படத்தைப் பார்த்துச் சொல்கிறது. 2023-இல் வந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ், புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றக்கூடிய சுமார் 7.1 கோடி மாற்றங்களுக்கு, கெடுதல் செய்யுமா செய்யாதா என்று மதிப்பெண் போட்டிருக்கிறது. 2025-இல் வந்த ஆல்ஃபாஜீனோம், ஒரே மூச்சில் 10 லட்சம் எழுத்துகள் வரை வாங்கிக்கொண்டு, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்று கணிக்கிறது. புரதத்தின் வடிவத்தைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கு அந்தப் பரிசின் மறுபாதி. இந்தத் துறையில் நமக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு போட்டது. இன்றும் ஒரு புரத வடிவம் சரியா என்று பார்க்க அதைத்தான் விரிக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு நாள் முழுக்க மாடல் கட்டுவோம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் பாதிக்குமேல், டேட்டா எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள், ஏன் இந்த வரிசையில் மட்டும் இடம் காலியாக இருக்கிறது என்று துருவுவதிலேயே போகும். அந்தத் துருவல் பிடிக்காதவர்களுக்கு இந்த வேலையும் பிடிக்காது.

படி 1: பள்ளி

சுருக்கமாக முடிக்கிறேன். பிளஸ் ஒன்னில் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் கிடைத்தால் எடுங்கள். ப்யூர் சயின்ஸ் எடுத்துவிட்டால் கணக்கைத் தனியாகப் படித்தாக வேண்டும். தமிழ் மீடியம் இதற்குத் தடையே கிடையாது. நானும் தமிழ் மீடியம்தான். ஆய்வுக் கட்டுரை படிக்கிற ஆங்கிலம் ஒரே மாதிரி வாக்கியங்களில்தான் திரும்பத் திரும்ப வரும். ஐம்பது கட்டுரை படித்தால் கைவந்துவிடும்.

படி 2: கல்லூரி

என் அபிப்பிராயம் இது, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு: இளநிலையிலேயே பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். அதில் உயிரியலும் பாதி, கணினியும் பாதி என்று இரண்டும் அரைகுறையாக நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஒரு காலை ஆழமாக ஊன்றுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரிகளில் ஓர் அறிவியல் பாடமோ, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ, வேளாண் பல்கலைக்கழகத்தில் விவசாயமோ எதுவானாலும் சரி. இன்னொரு காலைப் பக்கத்திலேயே வளர்த்துக்கொள்ளலாம். உயிரியல் மாணவர்களுக்கு ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு நல்ல ஊன்றுகோல். வீட்டிலிருந்தே படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் மையத்துக்குப் போனால் போதும்.

முதுநிலையில் நேராகத் துறைக்குள் நுழையுங்கள். கோவை பாரதியார், காரைக்குடி அழகப்பா, மதுரை காமராசர், புதுச்சேரி பல்கலைக்கழகங்களில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் அல்லது கணினி உயிரியல் நெடுங்காலமாக நடக்கிறது. மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையின் உதவியோடு நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு ஜி.ஏ.டி.-பி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்த வழியில் சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகையும் வரும் என்பதால், வீட்டில் பணம் இறுக்கமாக இருப்பவர்கள் இதைத்தான் முதலில் குறிவைக்க வேண்டும்.

படி 3: கைத்தொழில்

முதலில் லினக்ஸ். ஒரு மனிதரின் முழு ஜீனோமை வழக்கமான ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 30 முறை படித்தால், சுருக்கிய ஃபைலே 100 ஜிபியை நெருங்கும். அதை எந்த ஜன்னலிலும் இரட்டைக் கிளிக் செய்து திறக்க முடியாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் எட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பிலேயே லினக்ஸை உள்ளே போட்டுக்கொள்ளலாம், தனிக் கணினி வேண்டியதில்லை.

எக்செல்லில் மரபணுப் பட்டியலைத் திறக்காதீர்கள். மார்ச்-1, செப்ட்-2 என்ற பெயர்களில் மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தப் பிழை ஏறிவிட்டது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரைத்தான் மாற்றினார்கள், எக்செல்லை மாற்ற முடியவில்லை.

அடுத்து பைத்தான் நிரல்மொழி. கூடவே ஆர் (R) என்ற நிரல்மொழி கொஞ்சம், புள்ளியியல் நிறைய. நிகழ்தகவு தெரியாமல் இங்கே ஓர் அடி வைக்க முடியாது. டிஎன்ஏ படிக்கும் எந்திரம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தர மதிப்பெண் தரும்: 20 என்றால் நூறில் ஒன்று தப்பாக இருக்கலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. சின்ன விஷயம்போலத் தெரியும். 310 கோடியால் பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு. நோயாளிகளையும் நலமானவர்களையும் 20,000 மரபணுக்களில் ஒப்பிட்டு, தற்செயலாகவே வேறுபாடு தெரியும் வாய்ப்புக்கு 0.05 என்ற வழக்கமான எல்லையை வைத்தால், உண்மையில் ஒரு வேறுபாடும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 1,000 மரபணுக்கள் "வேறுபடுகிறோம்" என்று கை தூக்கும். பல சோதனைத் திருத்தம் என்ற பாடம் இதற்காகத்தான். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிறகு ஃபைல் வகைகள்: ஃபாஸ்டா (டிஎன்ஏ எழுத்துகள்), ஃபாஸ்ட்க்யூ (எழுத்துகளோடு தர மதிப்பெண்), பாம் (மாதிரி ஜீனோமில் பொருத்திய துண்டுகள்), விசிஎஃப் (மாற்றங்களின் பட்டியல்), பெட் (ஜீனோமில் இடங்களின் பட்டியல்). இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, விழாதவர்கள் கிடையாது. பெட் ஃபைலில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். விசிஎஃப்பில் 1-இல் தொடங்கும். கலந்துவிட்டால் எல்லாம் ஓரெழுத்து தள்ளி நிற்கும், நிரல் மட்டும் எந்தப் புகாரும் சொல்லாமல் ஓடி முடியும். அதேபோல மாதிரி ஜீனோமின் 37-ஆம் பதிப்பையும் 38-ஆம் பதிப்பையும் ஒரே வேலையில் சேர்க்கக் கூடாது; ஒரே மரபணுவுக்கு இரண்டிலும் வேறு வேறு முகவரி.

பயிற்சிக்கு ரோசலிண்ட் என்ற தளத்தில் உயிரியல் புதிர்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் முப்பதைப் பைத்தானில் போட்டு முடித்தால், "கோடிங் வருமா" என்ற கேள்வியை நீங்களே மறந்துவிடுவீர்கள்.

படி 4: மெஷின் லேர்னிங், அதோடு ஒரு மாமரத்துக் கதை

முதலில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற எளிய மாடல்கள், அதன் பிறகு டீப் லேர்னிங்கின் அடிப்படையான நியூரல் நெட்வொர்க். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எளிய மாடல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்காமல் டீப் லேர்னிங்கில் குதித்தால், கிடைத்த மதிப்பெண் நல்லதா கெட்டதா என்பதே தெரியாது.

படித்த காலத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எட்டு வகை மாமரம், வகைக்குப் பன்னிரண்டு என்று 96 மரங்களின் இலை. ஆய்வகத் தட்டில் 96 குழிகள் இருந்ததால் எண்ணிக்கை அழகாகப் பொருந்தியது. டிஎன்ஏ அடையாளங்களை வைத்துப் பழத்தின் சர்க்கரை அளவைக் கணிக்கும் மாடல். 96-ஐக் குலுக்கிப் போட்டு, முக்கால் பங்கைப் பயிற்சிக்கும் கால் பங்கைச் சோதனைக்கும் ஒதுக்கினேன். கணிப்பு அச்சு அசலாகப் பொருந்தியது. கால் தரையில் படவில்லை எனக்கு.

லீவுக்கு வந்தபோது சந்தூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமாவிடம் பெருமையடித்தேன். அவர் ஒட்டுக் கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏண்டா மாப்ள, பெங்களூரா பன்னெண்டு மரம்னா, பன்னெண்டும் ஒட்டுதானே? எல்லாம் ஒரே தாய்மரத்துக் குச்சிதானே? அப்புறம் அதென்ன பன்னெண்டு?"

விளங்க ஒரு நிமிடம் ஆனது. ஒட்டுக் கட்டிய மரங்கள் மரபணுவில் ஒன்றுக்கொன்று நகல். என்னிடம் இருந்தது 96 மாதிரிகள் அல்ல, எட்டு. பயிற்சியில் பார்த்த அதே பெங்களூராவையும் அதே நீலத்தையும் சோதனையிலும் மாடல் பார்த்திருக்கிறது. சர்க்கரையைக் கணிக்கக் கற்கவில்லை, வகையின் பெயரை அடையாளம் கண்டு அதன் சராசரியை ஒப்பித்திருக்கிறது. திரும்பிப் போய், ஒரு வகையை முழுதாக ஒதுக்கிவைத்து மற்ற ஏழில் பயிற்சி கொடுத்து, ஒதுக்கியதில் சோதித்தேன். கணிப்பு சுக்குநூறானது.

இதற்குப் பெயர் டேட்டா கசிவு. மனித ஜீனோமில் இது வேறு வேடத்தில் வரும். ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டால் கசியும். அதனால் சில குரோமோசோம்களை முழுதாகச் சோதனைக்கு ஒதுக்குகிறோம். ஒரே குடும்பத்துப் புரதங்கள் இரு பக்கமும் இருந்தால் கசியும். ஒரே நோயாளியின் இரண்டு மாதிரிகள் இரு பக்கமும் விழுந்தால் கசியும்.

இன்னொரு கண்ணி, தொகுதி வேறுபாடு. நோயாளிகளின் மாதிரிகளை ஜனவரியில் ஓர் எந்திரத்திலும் நலமானவர்களின் மாதிரிகளை ஜூனில் வேறோர் எந்திரத்திலும் ஓட்டியிருந்தால், மாடல் நோயைக் கற்காது, எந்திரத்தைக் கற்றுக்கொள்ளும். மண்டியில் காலையில் ஓர் ஆளும் சாயங்காலம் விளக்கொளியில் வேறோர் ஆளும் தரம் பிரித்தால் ஒரே காய்க்கு இரண்டு ரகம் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணையும் நம்பாதீர்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்றால், "யாருக்குமே இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கு 99 சதவீதத் துல்லியம். நோய் உள்ள பத்தில் எத்தனை பேரைப் பிடித்தது, பிடித்ததில் எத்தனை உண்மை என்று பிரித்துக் கேளுங்கள்.

கடைசியாக, யாருடைய டேட்டா? மரபணு ஆய்வுகளில் இதுவரை சேர்ந்த டேட்டாவில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அங்கே பழகிய நோய் அபாய மதிப்பெண்கள் மற்ற மக்களிடம் சறுக்குகின்றன. நம் பக்கத்து நடப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது. ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே துண்டு, குழந்தைக்குத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, தாய்மாமன் திருமணத்தில் 8-இல் 1, மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தில் 16-இல் 1. இரண்டு பிரதியும் ஒன்றாக இருக்கும் நீண்ட பகுதிகள் அந்தக் குழந்தையின் ஜீனோமில் தெரியும். மறைந்திருந்த நோய் வெளிப்படுவதும் அங்கேதான். சொந்தத்தில் திருமணம் அரிதான நாட்டின் டேட்டாவில் மட்டும் பழகிய மாடல் இத்தகைய ஜீனோமை அதிகம் பார்த்திருக்காது. குடும்ப மரம் வரையும்போது "இவங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று கேட்கத் தெரிந்த ஆள் குழுவில் வேண்டும். அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லாத பாடம்.

படி 5: சொந்தமாக ஒரு வேலை

சான்றிதழ்களை அடுக்குவதைவிட ஒரே ஒரு வேலையை நேர்மையாக முடித்துக் காட்டுவது மேல். டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் டேட்டா திறந்து கிடக்கிறது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் அதில் ஒரு குழு. அந்தக் குழுவையும் இன்னும் நாலைந்தையும் எடுத்து, ஒரு சிறு குரோமோசோமில் மட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு (பல்லாயிரம் வேறுபாடுகளைச் சுருக்கி ஒவ்வொருவரையும் படத்தில் ஒரு புள்ளியாக வைக்கும் கணக்கு) செய்து பாருங்கள். யார் யாருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்று திரையில் பார்ப்பது தனி அனுபவம். நம் நாட்டின் ஜீனோம் இந்தியா திட்டம், 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் ஜீனோமைப் படித்திருக்கிறது. அந்த டேட்டா ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், மாணவராகத் தனியாகப் போய்க் கேட்க முடியாது.

மனிதர்களை விட்டால் ராகி. பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் ராகி ரகங்கள் உங்கள் நிலத்திலேயே விளைந்திருக்கும். ராகியின் ஜீனோம் இரண்டு மூதாதைப் புற்களின் ஜீனோம்கள் ஒன்றாகச் சேர்ந்தது, மொத்தம் 36 குரோமோசோம்கள். அதனால் ஒரு டிஎன்ஏ துண்டு எந்த மூதாதைப் பக்கம் பொருந்துகிறது என்பதே குழப்பம். நெல்லில் ஜோராக ஓடும் பல நிரல்கள் ராகியில் திணறும். திணறும் இடத்தில்தான் செய்ய வேலை இருக்கிறது.

லேப்டாப் பழசாக இருந்தால் கூகுள் கோலாப் தளத்தில், மாடல்களை வேகமாக ஓட்டும் ஜிபியு இலவசமாகக் கிடைக்கும். முடித்த வேலையை, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். என்ன செய்தேன் என்பதோடு, எங்கே தோற்றது என்றும் எழுதுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அந்தப் பத்தியைத்தான் முதலில் படிக்கிறேன்.

படி 6: உள்ளே நுழைவது

ஆராய்ச்சிப் பாதை என்றால் சிஎஸ்ஐஆர் நெட் அல்லது கேட் எழுதுங்கள். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் கணினி உயிரியலில் முனைவர் பட்டம் செய்யலாம். பெங்களூரில் என்சிபிஎஸ், ஐஐஎஸ்சி என்ற ஆய்வு நிறுவனங்கள் இரண்டும் நம் ஊரிலிருந்து பஸ் தூரம். நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், இடத்துக்கேற்ற வீட்டு வாடகைப் படியும். அதற்கு முன்பே, அறிவியல் அகாதமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பேராசிரியருக்கு மெயில் போடும்போது "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்று நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். ஐந்து வரி போதும்.

பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் என்று வருகிறவர்களிடம் உஷார். நானும் ஒரு இடத்தில் கட்டியிருக்கிறேன். பதினைந்து நாள், பவர்பாயின்ட், பளபளவென்று ஒரு சான்றிதழ். அதை இதுவரை எந்த நேர்முகத்திலும் யாரும் கேட்டதில்லை.

கம்பெனிப் பாதையில் பெயர்கள் பலவிதம்: பயோஇன்ஃபர்மேடிக்ஸ் அனலிஸ்ட், பைப்லைன் இன்ஜினியர், வேரியன்ட் சயின்டிஸ்ட், டேட்டா சயின்டிஸ்ட். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்குப் பைப்லைன் வேலை, அதாவது பல நிரல்களைக் கோத்து டேட்டாவை வரிசையாக ஓட்டும் வேலை, எளிதான வாசல்: அப்படிக் கோக்கும் கருவிகளான நெக்ஸ்ட்ஃப்ளோ அல்லது ஸ்னேக்மேக், நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட், கிளவுட் தெரிந்தால் போதும், உயிரியலை உள்ளே போய்ப் படிக்கலாம். உயிரியல்காரர்களுக்கு வேரியன்ட், அதாவது டிஎன்ஏ மாற்றங்களை எடைபோடும் வேலை. அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் 2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த ஐந்து பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும்: நோய் தரும், அநேகமாக நோய் தரும், இன்னும் விளங்கவில்லை, அநேகமாகக் கெடுதல் இல்லை, கெடுதல் இல்லை. நடுப்பெட்டிதான் சீக்கிரம் நிரம்பும். கர்ப்பிணி ஒருவரின் ரிப்போர்ட்டில் நடுப்பெட்டி மாற்றத்தை அவசரப்பட்டு மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டிய வேலை இது. நோய் தரும் வாய்ப்பு 0.91 என்று மாடல் சொன்னது என்பது அங்கே ஒரு சான்று, தீர்ப்பாகாது.

இந்த வாரமே தொடங்க

லேப்டாப்பில் லினக்ஸ் போடுங்கள். மாதிரி ஜீனோமின் 38-ஆம் பதிப்பிலிருந்து 22-ஆம் குரோமோசோமை மட்டும் ஃபாஸ்டா ஃபைலாக இறக்குங்கள். சுமார் 5 கோடி எழுத்துகள்தான், சுருக்கிய ஃபைல் சின்னது, செல்போன் ஹாட்ஸ்பாட்டிலேயே இறங்கிவிடும். பைத்தானில் பத்து வரி எழுதி, அதில் ஏ, டி, ஜி, சி ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணுங்கள். சிறிய எழுத்து, பெரிய எழுத்து இரண்டும் வரும், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஃபைலைத் திறந்ததும் திரை முழுக்க என் (N), என், என் என்றே ஓடும். டவுன்லோடு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், நான் இரண்டு முறை அழித்திருக்கிறேன். அந்தக் குரோமோசோமின் முனையை அந்தப் பதிப்பு வந்தபோது படிக்க முடியாததால், தெரியாத எழுத்துக்கு என் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கோடியே ஐந்து லட்சம் எழுத்துகள் தாண்டுங்கள், டிஎன்ஏ வரும்.